இங்கிலாந்தில் வீட்டுக்கு ஆஃபர் போடுவது: ஏஜெண்டிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

ஊரில் வீடு வாங்கிய பழக்கத்தோடு இங்கிலாந்துக்கு வருகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, ஏஜெண்ட் நமக்கும் சேர்த்து வேலை செய்கிறார் என்ற நினைப்பு. சென்னையில் புரோக்கர் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசுவார். இங்கே எஸ்டேட் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். வாங்குபவர் கமிஷன் தருவதில்லை, அதனாலேயே ஏஜெண்ட் வாங்குபவரின் ஆளும் இல்லை. இரண்டாவது, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் வீடு நமக்கென்று நின்றுவிடும் என்ற நினைப்பு. இங்கே ஆஃபரை, அதாவது இந்த விலை தருகிறேன் என்று வாங்குபவர் சொல்வதை, விற்பவர் ஏற்றுக்கொண்ட பிறகும், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் நாள்வரை இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். நிலம், வீடு தொடர்பான ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இல்லை.

ஏஜெண்டின் கணக்கு புரிந்துவிட்டால் அவரிடம் பேசுவது எளிது. கமிஷன் 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 425,000 பவுண்டுக்கு விற்றால் அவருடைய நிறுவனத்துக்கு 6,375 பவுண்ட், வாட் தனி. உங்களிடம் இன்னும் ஒரு 10,000 கறந்தால் கூடக் கிடைப்பது 150 பவுண்டுதான். ஆனால் பேரம் படிந்து மூன்று மாதம் கழித்து முறிந்தால், விற்றால்தான் கமிஷன் என்ற வழக்கமான ஏற்பாட்டில் கைக்கு ஒன்றும் வராது. ஆகவே ஆயிரம் இரண்டாயிரம் கூட்டித் தருகிறவரைவிட, கடைசிவரை நிற்கிறவர்மேல்தான் அவருக்குக் கண். உங்கள் உச்சவரம்பை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நிற்பீர்கள் என்பதற்கான சான்றை மட்டும் தாராளமாகக் கொடுங்கள்.

(ஸ்காட்லாந்தில் ஆஃபர், வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர் வழியாகப் போகும், முறையே வேறு. வேல்ஸில் நடைமுறை ஏறக்குறைய இதுதான், வீடு வாங்கும் வரி மட்டும் வேறு.)

வீடு பார்க்கும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், வாங்கப் போகிறவர் என்றால் வங்கியின் 'டிசிஷன் இன் பிரின்ஸிபிள்' கடிதம் முதலில் வேண்டும். உங்கள் வருமானத்துக்கு இவ்வளவு கடன் தரத் தயார் என்று வங்கி தருகிற முதற்கட்டக் கடிதம் அது. வங்கியைப் பொறுத்து 30 முதல் 90 நாள்வரை செல்லும். விசாவில் இருப்பவர்களிடம் சில வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்கும், விசாவில் எவ்வளவு காலம் மீதம் என்றும் பார்க்கும். எனவே அதைத் தெரிந்த மார்ட்கேஜ் ஆலோசகரிடம் போவது நல்லது. கடிதத்தில் உங்களால் வாங்க முடிந்த முழுத் தொகையையும் போட்டு ஏஜெண்டுக்கு அனுப்பாதீர்கள். 425,000 பவுண்ட் வீட்டுக்கு ஆஃபர் போடும்போது 500,000-க்குத் தகுதி என்ற கடிதத்தைக் காட்டினால், இன்னும் ஏறலாம் என்று நீங்களே சொன்னதாகிவிடும். ஆஃபர் தொகைக்கு ஏற்றபடி ஒரு கடிதம் எடுத்துத் தரும்படி ஆலோசகரிடம் கேளுங்கள்.

அடுத்தது முன்பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று. ஏஜெண்டும் சொலிசிட்டரும் கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி இதைக் கேட்டே ஆக வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இங்கேதான் வாரக்கணக்கில் இழுக்கும். சம்பளச் சேமிப்பு பிரச்சினை இல்லை. சீட்டுப் பணம் பிரச்சினை. ஒரே வாரத்தில் எட்டுப் பேர் கணக்கிலிருந்து வந்த 12,000 பவுண்டைப் பார்த்தால் எந்தச் சொலிசிட்டரும் கேள்வி கேட்பார். சீட்டுத் தவணையை மாதாமாதம் வங்கி வழியாகவே கட்டுங்கள், யார் யார் எவ்வளவு என்ற எழுத்துப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், சொலிசிட்டர் கண்டுபிடித்துக் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். கைப்பணமாக வாங்கிக் கணக்கில் போட்ட சீட்டுக்கு விளக்கம் சொல்லி மாளாது.

பெற்றோர் தரும் பணத்துக்கு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் பங்கு கேட்கமாட்டோம் என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதமும் அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும். மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுப்பது மார்ட்கேஜ் மோசடி, அதைச் செய்யாதீர்கள். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 250,000 டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதற்கான வங்கி வேலைகளை ஆஃபர் ஏற்கப்பட்ட பிறகு தொடங்கினால் காலம் போதாது.

ஊரில் வீடு இருப்பவர்கள் ஸ்டாம்ப் டூட்டிக் கணக்கை இப்போதே போட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதத்தில் 425,000 பவுண்ட் வீட்டுக்கு, முதன்முறை வாங்குபவர் கட்டுவது 6,250. மற்றவர்கள் 11,250. ஆனால் உலகத்தில் எங்கே வீடு சொந்தமாக இருந்திருந்தாலும் நீங்கள் முதன்முறை வாங்குபவர் ஆகமாட்டீர்கள். இப்போதும் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு உங்கள் பெயரிலோ கணவன், மனைவி பெயரிலோ இருந்தால், முழு விலைமீதும் இன்னொரு 5 சதவீதம் ஏறும். மொத்தம் 32,500 பவுண்ட். வெறும் மனை கணக்கில் வராது, கட்டிய வீடும் அடுக்குமாடி வீடும் வரும். வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது பிரிட்டனில் இல்லாதவருக்கு மேலும் 2 சதவீதம். பரம்பரை வீட்டில் பங்கு மட்டும் இருப்பவர்கள் சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டே விலை பேச வேண்டும். இந்தத் தொகையை மார்ட்கேஜில் சேர்ப்பது கடினம், கையிலிருந்துதான் போகும்.

விலையை நீங்களே கணக்கிடுவது

இணையத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. உண்மையில் விற்ற விலைகள் அரசின் சொத்துப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியிடம் இருக்கின்றன, இலவசமாகப் பார்க்கலாம். ரைட்மூவ், ஸூப்லா என்ற வீட்டு விளம்பரத் தளங்களிலும் அதே தகவல் வரும். கடைசிச் சில மாத விற்பனைகள் பதிவேறத் தாமதமாகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அதே தெருவில், அதே வகை வீடு, கடந்த ஓராண்டு என்று தேடி மூன்று நான்கு எடுங்கள்.

பிறகு பரப்பளவு. விற்பனைக்கு வரும் வீட்டுக்கு எரிசக்திச் சான்றிதழ் கட்டாயம், அது பத்தாண்டு செல்லும். அரசின் இணையப் பதிவேட்டில் முகவரியை இட்டால் அந்த வீட்டின் மொத்தப் பரப்பு சதுர மீட்டரில் வரும், பக்கத்து வீட்டுக்கும் வரும். பக்கத்து வீடு 98 சதுர மீட்டர், போன வருடம் 441,000-க்கு விற்றது என்றால் சதுர மீட்டருக்கு 4,500. நீங்கள் பார்க்கும் வீடு 92 சதுர மீட்டர் என்றால் அதே கணக்கில் 414,000. கேட்கிற விலை 440,000 என்றால் அந்த 26,000 எதற்காக என்று ஏஜெண்டிடம் நேராகக் கேட்கலாம். புதுச் சமையலறை, நல்ல கூரை, பெரிய தோட்டம் என்று பதில் இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். சான்றிதழ் எடுத்த பிறகு பின்புறம் நீட்டிக் கட்டியிருந்தால் பதிவேட்டில் உள்ள பரப்பு குறைவாக இருக்கும் என்பதையும் பாருங்கள். அப்படிக் கட்டியதற்கு அனுமதி வாங்கினார்களா என்று உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் திட்ட அனுமதிப் பக்கத்திலேயே தேடலாம்.

கணக்கு முடிந்ததும் ஒரு உச்ச விலையை எழுதி வையுங்கள். இங்கே 425,000 என்று கொள்வோம். இந்த எண் ஏஜெண்டுக்குத் தெரியக்கூடாது.

வீடு பார்க்கும் நாளில்

பெரும்பாலும் கால் மணி நேரம்தான் கொடுப்பார்கள். கேட்க வேண்டியவை: எத்தனை வாரமாக விற்பனையில் இருக்கிறது, விலையைக் குறைத்தார்களா, ஆஃபர் வந்து மறுத்தார்களா, ஒருமுறை விற்று முறிந்ததா, முறிந்தால் ஏன்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. வாங்க வந்தவரின் மார்ட்கேஜ் கிடைக்கவில்லை என்றால் பயமில்லை. வீட்டில் என்ன குறை என்று பரிசோதிக்கும் சர்வேக்குப் பிறகு விலகினார் என்றால் சர்வேயில் என்ன வந்தது என்று விடாமல் கேளுங்கள். வாங்குகிறவரின் முடிவை மாற்றக்கூடிய முக்கியத் தகவலை மறைப்பதும் திரித்துச் சொல்வதும் சட்ட விரோதம் என்பதால், நேரடிக் கேள்விக்குப் பொய் சொல்லத் தயங்குவார்கள். மின்னஞ்சலில் கேட்டால் இன்னும் தயங்குவார்கள்.

விற்பவர் எங்கே போகிறார் என்பதும் முக்கியம். அவர் இன்னொரு வீடு வாங்கக் காத்திருந்தால் அதுதான் 'செயின்'. அந்த வரிசையில் ஒருவர் தடுக்கினாலும் எல்லாரும் நிற்பார்கள். வாடகையில் இருக்கும் முதன்முறை வாங்குபவருக்குப் பின்னால் யாரும் இல்லை. இது ஏஜெண்டுக்கு மிகப் பிடித்த விஷயம், அடிக்கடி சொல்லுங்கள்.

லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, வீடு குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் குத்தகையில்) என்றால் எத்தனை வருடம் மீதம், நிலவாடகை, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, கட்டடத்தில் பெரிய பழுதுவேலை வரப்போகிறதா என்று கேளுங்கள். 80 வருடத்துக்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு கூடும், கடன் கிடைப்பதும் சிக்கலாகும்.

சொல்லக்கூடாதவை: வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பிள்ளைக்கு இந்தப் பள்ளி வட்டாரம்தான் வேண்டும், வேறு மூன்று வீடு கைநழுவிப் போய்விட்டது. கிழக்கு வாசல், பூஜையறைக்கு ஏற்ற மூலை என்று வாஸ்து பார்த்துப் பூரிப்பதையும் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் தமிழ் தெரிந்த ஏஜெண்டுகள் உண்டு. வாசல் மணியில் இருக்கும் கேமராவும் ஒலியைப் பதிவு செய்யும்.

ஆஃபரை எழுதுவது

தொலைபேசியில் சொல்லிவிட்டு அதே மணி நேரத்தில் மின்னஞ்சலும் அனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியவை:

– வீட்டு முகவரி, வாங்குபவர்களின் முழுப் பெயர், தொகை.
– 'சப்ஜெக்ட் டு காண்ட்ராக்ட் அண்ட் சர்வே' (ஒப்பந்தத்துக்கும் சர்வேக்கும் உட்பட்டது) என்ற சொற்கள்.
– உங்கள் நிலை: முதன்முறை வாங்குபவர், செயின் இல்லை.
– மார்ட்கேஜ் கடிதமும் முன்பணச் சான்றும் இணைப்பாக. கணக்கு எண்ணையும் தேவைக்கு மேலான இருப்பையும் மறைத்துவிடலாம்.
– சொலிசிட்டரின் பெயர், எந்தத் தேதிக்குள் முடிக்க விரும்புகிறீர்கள் என்பது. விற்பவர் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத் தயார் என்று ஒரு வரி.
– ஏற்றால் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை.
– இந்தத் தொகைக்கு எப்படி வந்தீர்கள் என்று இரண்டு வரி, பக்கத்து வீட்டு விற்பனை விலையோடு.

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏஜெண்ட் உங்கள் ஆஃபரை விற்பவரிடம் எடுத்துச் சொல்லும்போது, ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்குப் பதில் அவர் கையில் இருக்க வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் அவர் உங்களுக்காகத் தேடப் போவதில்லை. 'கேஷ் பையர்' என்று மட்டும் தப்பாகச் சொல்லிவிடாதீர்கள். முன்பணம் ரொக்கமாக இருக்கிறது என்பது அதற்குப் பொருளில்லை. கடனே வாங்காமல் முழுத் தொகையும் கணக்கில் வைத்திருப்பவர்தான் கேஷ் பையர்.

ஏறும்போது படி சிறுத்துக்கொண்டே வர வேண்டும். 405,000 என்று தொடங்கினால் அடுத்து 416,000, பிறகு 422,000, கடைசியாக 425,000. பத்து, பத்து, பத்து என்று ஏறினால் இன்னும் ஒரு பத்து இருக்கிறது என்றுதான் எதிர்ப்பக்கம் எண்ணும். ஒவ்வொரு முறையும் உடனே ஏறாமல் ஒரு நாளாவது விடுங்கள். பதிலாக ஏதாவது கேளுங்கள்: திரைச்சீலை, அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், சீக்கிரம் முடிப்பது.

'வேறொருவரும் ஆஃபர் போட்டிருக்கிறார்' என்பதை நம்புவதா? 1991-ஆம் ஆண்டு ஆணைப்படி இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது ஏஜெண்டுக்குத் தடை செய்யப்பட்ட செயல். வந்த ஆஃபர்களைத் தாமதமில்லாமல் எழுத்தில் விற்பவருக்குத் தெரிவிப்பதும் கடமை, இன்ன தொகைக்குக் கீழே வந்தால் சொல்ல வேண்டாம் என்று விற்பவரே எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. மற்றவர் தொகையைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். அதனால் தொகையைக் கேட்காமல், அவர் செயினில் இருக்கிறாரா, கடன் தயாரா என்று கேளுங்கள். 'அந்த ஆஃபர் எழுத்தில் வந்திருக்கிறதா?' என்று மின்னஞ்சலில் ஒரு வரி போட்டால், காற்றில் இருந்த ஆஃபர்கள் காணாமல் போவதும் உண்டு.

பலர் போட்டியிட்டால் 'பெஸ்ட் அண்ட் ஃபைனல்' என்று ஒரு தேதி, நேரம் வைத்து ஒவ்வொருவரிடமும் அவரவர் கடைசித் தொகையை ஒரே முறை கேட்பார்கள். அப்போது உருண்டை எண் வேண்டாம். 425,000 பலருக்கும் தோன்றும், 425,650 தோன்றாது. அதிகத் தொகைக்குத்தான் தர வேண்டும் என்று விற்பவருக்குக் கட்டாயம் இல்லை என்பதால் உங்கள் நிலையை இங்கேயும் விளக்கி எழுதுங்கள்.

அழுத்தம் வரும் இடங்கள்

'எங்கள் மார்ட்கேஜ் ஆலோசகரைப் பார்த்தால்தான் ஆஃபரை அனுப்புவோம்' என்று சொன்னால் அது விதிமீறல். உங்களால் வாங்க முடியுமா என்று சரிபார்க்க அவருக்கு உரிமை உண்டு. தன் ஆலோசகரையோ தன் சொலிசிட்டரையோ எடுக்கச் சொல்லி வற்புறுத்தவும், எடுக்காதவரைப் பின்னுக்குத் தள்ளவும் உரிமை இல்லை. சண்டை வேண்டாம். 'எனக்கு ஆலோசகர் இருக்கிறார், கடிதம் இணைத்திருக்கிறேன், ஆஃபரை விற்பவருக்கு அனுப்பியதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்' என்று எழுதினால் போதும். அவர் பரிந்துரைக்கும் சொலிசிட்டரிடமிருந்து அவருக்குப் பணம் வருகிறதா என்றும் கேட்கலாம், பெரும்பாலும் வரும்.

விளம்பரத்தில் 'மாடர்ன் மெத்தட் ஆஃப் ஆக்ஷன்' என்ற ஏலமுறை இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். விலை குறைவாகத் தெரியும். ஆனால் வென்றவுடன் பல ஆயிரம் பவுண்ட் முன்பதிவுக் கட்டணம் வாங்குபவர் கட்ட வேண்டும், அது பெரும்பாலும் வீட்டு விலையில் கழியாது. வழக்கமாக 56 நாளில் முடிக்க வேண்டும். மார்ட்கேஜ் தாமதமானால் அந்தப் பணம் போய்விடும்.

ஏற்ற பிறகு

'மெமோரண்டம் ஆஃப் சேல்' என்ற தாளை ஏஜெண்ட் இரு பக்கச் சொலிசிட்டருக்கும் அனுப்புவார். பெயர், தொகை, சேர்த்துத் தருவதாகச் சொன்ன பொருள்கள் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். விளம்பரம் 'சோல்ட் எஸ்டிசி' (விலை படிந்தது, ஒப்பந்தம் பாக்கி) என்று மாறினால் மட்டும் போதாது, பார்க்க வருகிறவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனாலும் புது ஆஃபர் வந்தால் ஏஜெண்ட் அதை விற்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதற்கு உண்மையான மருந்து வேகம்தான். அதே வாரத்தில் சொலிசிட்டருக்குக் கட்டண முன்பணம், மார்ட்கேஜ் விண்ணப்பம், சர்வேக்கு நாள்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் உங்களுக்காக வருவதில்லை, கடனுக்கு ஈடாக இந்த வீடு போதுமா என்று மட்டும் பார்ப்பார். ஆர்ஐசிஎஸ் என்ற சர்வேயர் அமைப்பின் உறுப்பினரை வைத்துத் தனியாக ஒரு சர்வே எடுங்கள். சாதாரண வீட்டுக்கு இரண்டாம் நிலை, பழைய வீட்டுக்கும் நிறைய மாற்றிக் கட்டிய வீட்டுக்கும் மூன்றாம் நிலை. வங்கி 425,000 வீட்டை 405,000 என்று மதிப்பிட்டால் 90 சதவீதக் கடன் 382,500-லிருந்து 364,500 ஆகும். விலையைக் குறைக்காவிட்டால் 18,000 பவுண்ட் உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போக வேண்டும். அந்த மதிப்பீட்டை ஏஜெண்டுக்குக் காட்டி விலையைத் திரும்பப் பேசுவது முறையான செயல்தான், அடுத்து வருகிறவருக்கும் இதே நடக்கலாம் என்று அவருக்கும் தெரியும்.

சர்வேயில் குறை வந்தாலும் அப்படியே. 'சர்வே சரியில்லை, 15,000 குறையுங்கள்' என்றால் மறுப்பார்கள். கூரை, ஈரக்கசிவு, மின்கம்பி என்று சம்பந்தப்பட்ட பக்கத்தை மட்டும் எடுத்து, ஒப்பந்தக்காரர் தந்த செலவு மதிப்பீட்டை இணைத்து, ஒரே முறை கேளுங்கள். பெயிண்ட், கம்பளம் போல நீங்கள் பார்த்தபோதே தெரிந்தவற்றைச் சேர்த்தால் மற்றதும் வலுவிழக்கும்.

இந்தக் கட்டத்தில் ஏஜெண்ட் உங்களுக்கு உதவியானவர். வாரம் ஒருமுறை அழைத்து, செயினில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். சொலிசிட்டர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாததை அவர் விசாரித்துச் சொல்வார். ஆஃபரிலிருந்து சாவிவரை மூன்று முதல் ஐந்து மாதம் ஆவது சகஜம்.

பணம் எதையும் ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் தர வேண்டிய, வழக்கமாக 10 சதவீதமான தொகை உங்கள் சொலிசிட்டர் கணக்குக்குத்தான் போகும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொண்டு, முதல் நாள் வாங்கிய தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

ஏஜெண்ட் ஆஃபரை மறைத்தார், பொய் சொன்னார் என்றால் முதலில் அவருடைய நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அவர் எந்தக் குறைதீர்ப்பு அமைப்பில் உறுப்பினரோ அங்கே போகலாம். ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருப்பது கட்டாயம். நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள்தான் அங்கே சாட்சி.

பணம் முழுதும் போய்ச் சாவி கைக்கு வரும் கம்ப்ளீஷன் தேதியை நல்ல நாள் பார்த்துக் கேட்க ஆசை வரும். செயினில் ஐந்து வீடு இருந்தால் ஐந்து குடும்பமும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதனால் அதைப் பேரப் பொருளாக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பணம் தாமதமானால் திங்கள்வரை சாமான்களோடு வெளியே நிற்க நேரும். விற்பவரின் சொலிசிட்டர் பணம் வந்தது என்று சொன்ன பிறகே ஏஜெண்ட் சாவி தருவார், அது ராகு காலத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பால் காய்ச்சுவதைப் பஞ்சாங்கம் பார்த்து அடுத்த நல்ல நாளில் வைத்துக்கொள்ளலாம்.